சுற்றிவிட்டால் சுற்ற வேண்டும்

கண்டனூர் தாண்டும்போதே தெரிந்துவிட்டது.
ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி உருளவில்லை.
கடன்காரன் சட்டையைப் பிடித்த மாதிரி
அப்படியே நின்றது.
டிஸ்க்கில் எச்சில் தொட்டு வைத்தேன்.
சுர்ரென்றது.

இரண்டாயிரத்து நான்காம் வருஷத்துப் பல்சர்.
நான் மூன்றாவது கை.
முதல் ஆள் பள்ளத்தூரில் எல்.ஐ.சி. ஏஜெண்ட்.
இரண்டாவது ஆளைப் பற்றித் தெரிந்ததெல்லாம்
சைடு மூடிக்குள் அவன் ஒட்டிவிட்டுப் போன
ஒரு பழனி ஸ்டிக்கர்.

தள்ளினால் தள்ளவும் விடவில்லை.
எட்டாம் நம்பர் ஸ்பேனரால் நிப்பிளைத் திறந்தேன்.
கறுப்பாக ஒரு பீய்ச்சு,
காப்பி டிகாஷன் போல.
சக்கரம் விட்டது.
முன்பிரேக் இல்லாமல், உயிரைப் பின்காலில் வைத்துக்கொண்டு
புதுவயல் வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலிப்பரைக் கழற்றினேன்.
பிஸ்டனைச் சுற்றி மோதிரமாய்த் துரு.
ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ்,
கழனிவாசல் கடையில் இருநூற்று நாற்பதுக்கு வாங்கிய சீல்.
மாட்டினேன்.
மூன்று தடவை லிவரைப் பிடித்தேன்.
மறுபடி இறுகிக்கொண்டது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி
திரும்பிப் பார்க்கவில்லை.
புதன்கிழமையிலிருந்து பேச்சில்லை.
காரணம் அவள் தம்பிக்கு நான் கொடுக்காத பதினைந்தாயிரம்.
அல்லது
கொடுக்க முடியாது என்று நான் சொன்ன விதம்.

சேவியருக்குப் போன் போட்டேன்.
"கீழ நோண்டாதீங்க.
மேல டப்பாவுக்குள்ள ரெண்டு ஓட்டை இருக்கும்.
ஒண்ணு கண்ணுக்குத் தெரியும்.
இன்னொண்ணு தெரியாது.
ஆயில் திரும்பி வர்ற வழி அதுதான்."

குண்டூசி நுழையவில்லை.
தையல் ஊசி நுழையவில்லை.
பழைய கிளட்ச் கேபிளைப் பிரித்து
ஒற்றை இழையை எடுத்துக் குத்தினேன்.
இருபது வருஷத்து அழுக்கு
கடுகில் கால்வாசி கூட இல்லை.
புது ஆயில் ஊற்றி லிவரை லேசாகத் தொட்டால்
டப்பாவுக்குள் ஒரு சின்ன ஊற்று எழும்பியது.
யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது.

இனி காற்று எடுக்க வேண்டும்.
அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.
ஒருவர் மேலே பிடிக்க, ஒருவர் கீழே திறக்க.
மூடுவதற்கு முன் விட்டால்
போன காற்று திரும்ப ஏறிவிடும்.
லிவரைக் கயிற்றால் கட்டிப் பார்த்தேன்.
காலால் எட்டிப் பார்த்தேன்.
வாளியைத் தொம்மென்று வைத்துவிட்டு
அவளே வந்து நின்றாள்.

"அமுக்கு."
"ம்."
"பிடிச்சுக்க. விடாத."
குளுக்கோஸ் டியூபில் குமிழ்கள் இறங்கி
இருமல் மருந்து பாட்டிலில் வெடித்தன.
"மூடிட்டேன். விடு."

பிடி. விடு. பிடி.
நாலு நாளில் நாங்கள் பேசிய அத்தனையும் இதுதான்.

ஞாயிறென்றும் பாராமல்
ஏதோ ஒரு ரைஸ்மில் ஓடிக்கொண்டிருந்தது.
உமிச்சாம்பல் பறந்து வந்து
துவைத்த துணியில் உட்கார்ந்தது.
திறந்த டப்பாவை அவள் உள்ளங்கையால் மூடினாள்.
நான் சொல்லவில்லை.

"கை வலிக்குது."
"இன்னும் ரெண்டே தடவை."
"நாலு தடவைக்கு முன்னாடியும் இதைத்தான் சொன்னீங்க."

கையை எடுக்கும்போது டேங்கில் ஒரு சொட்டு.
"தண்ணி விட்டுத் துடை, பெயிண்ட் போயிரும்."
"போனாப் போகுது. இருக்கிறது மட்டும் என்ன வாழுதாம்."

சக்கரத்தை அவள்தான் சுற்றிவிட்டாள்,
ஈர விரலால்.
சுற்றியது. ஷ்ஷ் என்று கொண்டே சுற்றியது.
"சத்தம் வருதே?"
"பேடு லேசாத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.
அது கோளாறு இல்ல."
நம்பாத முகத்தோடு
இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

சாக்கோட்டை வரை ஓட்டிப்போய் இறங்கி டிஸ்க்கைத் தொட்டேன்.
வைத்த விரலை எடுக்கத் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை காளிராசா வந்தான்.
பணத்தைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.
சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தவன்
டேங்கில் ஒரு ரூபாய் அகலத்துக்குப்
பெயிண்ட் உப்பி உரிந்திருந்ததைத் தடவி
"என்ன மச்சான் இது?" என்றான்.

நான் ஆரம்பிப்பதற்குள்
உள்ளேயிருந்து குரல் வந்தது.
"பிரேக் ஆயிலு.
துடைக்கச் சொன்னாரு.
நான்தான் துடைக்கல."